நாலு மில்லிமீட்டர் கூன்வண்டும் மாவு ஊதும் வேலையும்

கூன்வண்டு என்று சொன்னாலே தென்னை வைத்திருப்பவர்களுக்கு வயிறு எரியும். தண்டுக்குள் ஓட்டை போட்டு, உள்ளேயே முட்டையிட்டு, புழு கூழாக்கித் தின்று, குருத்து சாய்ந்த பிறகுதான் வெளியே தெரியும். அப்புறம் கோடாலியைத் தேட வேண்டியதுதான். அது சிவப்புக் கூன்வண்டு. இந்தப் பதிவு அதைப் பற்றி இல்லை. அதற்குத் தூரத்துச் சொந்தமான ஒரு குட்டி வண்டைப் பற்றி. மொத்த நீளம் மூணு, நாலு மில்லிமீட்டர். தண்டைத் தொடாது, குருத்தைத் தொடாது. பனை இனத்து மரங்களின் பாளையில் பிறந்து, பாளையில் சாப்பிட்டு, பாளையிலேயே குடும்பம் நடத்தும். இதுக்கு யாரோ ஒருத்தர் மெனக்கெட்டுப் பேர் வைத்து, இன்னொருத்தர் அதைத் திருத்தி, அதற்கப்புறம் அந்தப் பேரை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் விவசாயத்தையே புரட்டிப் போட்டார்கள். நடுவில் நம்ம ஆட்கள் கதையும் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பேர் வைக்கிற விஷயம். "புது இனம் கண்டுபிடிப்பு" என்று பேப்பரில் வந்தால், யாரோ காட்டுக்குள் போய் இதுவரை யாருமே பார்க்காத ஒன்றைப் பார்த்தது மாதிரி நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. பூச்சியை அந்த ஊர்க்காரர்கள் தினமும் பார்த்திருப்பார்கள். ஏதோ ஒரு மியூசியத்தின் இழுப்பறையில் முப்பது வருஷமாக ஊசியில் குத்திக் கிடந்திருக்கும். அதை ஒருத்தர் எடுத்து, ஏற்கனவே பேர் உள்ள அதன் சொந்தக்காரங்களோடு ஒப்பிட்டு, மூக்கு நீளம், முதுகில் உள்ள செதில், ரோமம், ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பு (நிறைய இனங்களை இதை அறுத்துப் பார்த்தால்தான் பிரிக்கவே முடியும், என்ன செய்ய) எல்லாவற்றையும் அளந்து, இது வேற என்று எழுதி அச்சில் வெளியிட வேண்டும். வெளியிடும்போது ஒரே ஒரு வண்டைக் காட்டி, "இந்தப் பேர் இந்த உடம்புக்குச் சொந்தம்" என்று அறிவித்துவிட வேண்டும். அதற்கு ஹோலோடைப் என்று பேர். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒற்றை வண்டைப் போய்ப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

நம்ம தொழிலில் இருப்பவர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஒரே பேரில் இரண்டு பேர் இருக்கக் கூடாது, ஒருத்தருக்கே இரண்டு பேரும் கூடாது, யார் முதலில் செக்-இன் பண்ணினாரோ அவர் வைத்த பேர்தான் நிற்கும். பின்னாடி ஒருத்தர் வந்து, "இந்த இனம் அந்தப் பேரினத்தில் இருக்க வேண்டியதில்லை" என்று ரீஃபேக்டர் பண்ணலாம். ஆனால் முதலில் விவரித்தவர் பேரை அழிக்க முடியாது, அடைப்புக்குறிக்குள் போட்டு வைக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேலாக ஓடுகிற வெர்ஷன் கண்ட்ரோல். இந்த ஒழுங்கில் பாதி நம்ம ப்ராஜெக்ட்டில் இருந்தால் எவ்வளவு ஆணி குறையும் :-)

பாளை வண்டுகளில் ஆரம்ப காலத்திலேயே பேர் வாங்கிய ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது. மத்தியதரைக் கடல் ஓரமாக கேமராப்ஸ் என்று ஒரு குள்ளப் பனை உண்டு. ஐரோப்பாவில் தானாக வளரும் இரண்டே பனைகளில் அது ஒன்று. அதன் பூவில் இருந்த வண்டை, லின்னேயஸின் சீடரான டென்மார்க்காரர் ஃபாப்ரீசியஸ் 1798-ல் விவரித்தார். இன்றைக்கு அதற்கு டெரெலோமஸ் கேமராபிஸ் என்று பேர். பேர் வைத்தாயிற்று, ஊசியில் குத்தியாயிற்று, கதை முடிந்தது என்றுதானே தோன்றும்? அந்த வண்டு எப்படி மரத்தைத் தேடி வருகிறது என்பது 2003-ல்தான் தெளிவாகத் தெரிந்தது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் பார்த்தபோது, வாசனை பூவிலிருந்து வரவில்லை. பூக்கிற சீசனில் மட்டும் இலை மணக்கிறது! பூ செய்ய வேண்டிய வேலையை ஓலை செய்கிறது. பேருக்கும் இந்த விஷயத்துக்கும் நடுவில் 205 வருஷம்.

இவ்வளவு லேட்டானதற்கு ஒரு காரணம் உண்டு. பனை இனம் என்றாலே காற்றில்தான் மகரந்தம் பரவும் என்று தாவரவியல்காரர்கள் ரொம்ப நாள் நம்பினார்கள். பூ பொடிசு, நிறம் இல்லை, மகரந்தமோ மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறது. காற்றைத் தவிர வேற யார் வரப்போகிறார்கள் என்ற நினைப்பு. பாளையில் மொய்க்கும் வண்டுகளை "சும்மா சாப்பிட வந்தவை" என்று ஒதுக்கிவிட்டார்கள். 1986-ல் ஆண்ட்ரூ ஹெண்டர்சன் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி எழுதியபோதுதான், வண்டுகளுக்கு இதில் எவ்வளவு பெரிய பங்கு என்பது ஒரே இடத்தில் தெரிந்தது. ஆனால் அதற்கு ஐந்து வருஷம் முன்னாடியே மலேசியாவில் ஒரு வண்டு அதை நடத்திக் காட்டிவிட்டது.

அந்த வண்டின் பேர் எலெய்டோபியஸ் கேமரூனிகஸ். பேரிலேயே அதன் ஜாதகம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பூச்சியியலாளர் யோஹானஸ் ஃபாஸ்ட் அதை விவரித்தார். கூன்வண்டுகளில் ஆயிரக்கணக்கானவற்றைச் சேர்த்து வைத்திருந்த மனுஷன். அந்தச் சேகரிப்பு இன்றும் டிரெஸ்டன் மியூசியத்தில் இருக்கிறது. ஊர்ப் பேரை எடுத்து வண்டுக்கு வைத்தார், அவ்வளவுதான். பின்னால் 1952-ல், சிலியில் பிறந்த கில்லெர்மோ குஷெல் இந்த வகை வண்டுகளுக்கு என்று தனிப் பேரினம் உண்டாக்கினார். எலெய்ஸ் என்பது எண்ணெய்ப்பனையின் அறிவியல் பெயர். எலெய்டோபியஸ் என்றால் எலெய்ஸில் வாழ்பவன். அதாவது 1952-லேயே பேரில் விலாசம் எழுதி ஒட்டிவிட்டார்கள். ஆனால் வண்டு அங்கே என்ன வேலை செய்கிறது என்று தோட்டக்காரர்கள் யாரும் கேட்கவில்லை. தோட்டக்காரர்கள் வகைப்பாட்டுக் கட்டுரையெல்லாம் எங்கே படிக்கப் போகிறார்கள்!

இப்போது மரத்தின் கதை. எண்ணெய்ப்பனையின் தாய்வீடு மேற்கு ஆப்பிரிக்கா. 1848-ல் நாலே நாலு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. தென்கிழக்கு ஆசியாவின் தோட்டங்களில் பெரும்பகுதிக்கு இந்த நாலு மரங்கள்தான் கொள்ளுப்பாட்டிகள். ரொம்ப நாள் அலங்கார மரமாக ரோட்டோரம் நின்றது. 1911 வாக்கில் பெல்ஜியக்காரர் அட்ரியன் ஹாலெ சுமத்ராவில் தோட்டமாகப் போட்டார். மலாயாவில் முதல் வணிகத் தோட்டம் 1917-ல், சிலாங்கூரில், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் போட்டது. (இவர் பின்னால் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-ல் பிரான்ஸின் கோன்கூர் பரிசு வாங்கினார். எஸ்டேட் முதலாளிகளில் இப்படியும் ஒருத்தர்.) அந்தத் தோட்டத்தின் பேர் தெரியுமா? தென்னமரம் எஸ்டேட்! மலேசியாவின் முதல் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குத் தமிழில் தென்னைமரம் என்று பேர். அங்கே யார் வேலை செய்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, மரம் வந்தது. வண்டு வரவில்லை. விதையாகவும் கன்றாகவும் கப்பலேறிய மரம், பாளையில் வாழ்கிற கூட்டாளியை ஆப்பிரிக்காவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது.

எண்ணெய்ப்பனையில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே மரத்தில் ஆண் பாளையும் வரும், பெண் பாளையும் வரும், ஆனால் ஒரே சமயத்தில் வராது. கொஞ்ச காலம் வரிசையாக ஆண், அப்புறம் வரிசையாகப் பெண். அதனால் மகரந்தம் பக்கத்து மரத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். பெண் பாளை விரிந்து தயாராக இருப்பது இரண்டு, மூணு நாள்தான். அதற்குள் மகரந்தம் வரவில்லை என்றால் காய் பிடிக்காது, அல்லது உள்ளே பருப்பு இல்லாமல் சூம்பிப் போகும், குலையே அழுகியும் போகும். மலாய் தீபகற்பத்தில் திரிப்ஸ் என்ற இலைப்பேன் வகைப் பூச்சி ஒன்று ஓரளவுக்கு இந்த வேலையைப் பார்த்தது. (அதன் பேர் திரிப்ஸ் ஹவாயென்சிஸ். ஹவாயில் பிடித்து விவரித்ததால் அந்தப் பேர். பேரை மட்டும் நம்பினால் பூச்சியின் சொந்த ஊரைத் தப்பாகச் சொல்லிவிடுவோம்.) போர்னியோவின் சபா மாநிலத்தில் அந்த உதவியும் சரியாக இல்லை.

அப்போ என்ன செய்தார்கள்? ஆளை வைத்து ஊதினார்கள்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாடியே கேட்டிருக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்காகக் கோலாலம்பூரில் கொஞ்ச மாதம் இருந்தபோது, கூட வேலை பார்த்த நண்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் இருக்கிற அவனுடைய பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். சாப்பாடெல்லாம் முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போது, சின்ன வயசில் எஸ்டேட்டில் என்ன வேலை என்று கேட்டேன். பால்மரம் வெட்டியிருப்பார் என்று நினைத்துத்தான் கேட்டேன். "பால்மரம் எங்கம்மா காலம் தம்பி. நாங்க வளர்றப்ப செம்பனை வந்துருச்சு. நான் மாவு ஊதப் போவேன்" என்றார். (எண்ணெய்ப்பனைக்கு அங்கே செம்பனை என்றுதான் பேர். நம்ம ஊர் வார்த்தையைவிட எனக்கு அது பிடித்திருக்கிறது.)

மாவு என்றால் மகரந்தம். ஆண் பாளையைப் பை கட்டி வெட்டி எடுத்து, உலர்த்தி, சலித்து, டால்கம் பவுடரோடு கலந்து கொடுப்பார்களாம். காலையில் பெரட்டு முடிந்ததும் ஆளுக்கு ஒரு ஊதுகுழல் கொடுப்பார்கள். ஒவ்வொரு மரமாகப் போய், மட்டைகளை விலக்கி, பெண் பாளை விரிந்திருக்கிறதா என்று பார்த்து, விரிந்திருந்தால் சுற்றி ஊதி, ஊதிய தேதியை எழுதி வைக்க வேண்டும். இரண்டு, மூணு நாளைக்கு ஒரு தடவை அதே மரத்துக்குத் திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் பாளை காலம் கடந்துவிடும். ஞாயிறு, மழை எதுவும் பாளைக்குத் தெரியாதே. செம்பனை மட்டையில் இரண்டு பக்கமும் முள். "கையப் பாருங்க" என்று முழங்கை வரைக்கும் காட்டினார். அத்தனை வருஷத்துக்கப்புறமும் கோடு கோடாக இருந்தது. "மரத்தடியில எலி இருக்கும் தம்பி, எலி இருந்தா பாம்பு இருக்கும். ஆனா கூலி பரவால்ல. வெயில்ல மருந்தடிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்."

இந்த ஊதுகிற வேலையை முடிவுக்குக் கொண்டுவந்தது இரண்டு பேர். ஒருத்தர் லெஸ்லி டேவிட்சன், யூனிலீவர் கம்பெனியின் தோட்டப் பிரிவில் இருந்தவர். 1950-களில் மலாயாவில் வேலை பார்த்துவிட்டு கேமரூனுக்குப் போனார். அங்கே யாரும் ஊதவில்லை, ஆனால் குலை நெருக்கமாகக் காய்த்திருந்தது. பாளையைச் சுற்றிக் கூட்டமாக வண்டு. திரும்ப ஆசியாவுக்கு வந்து சபாவில் தோட்டம் போட்டபோது, ஊதினால்தான் காய். இந்த வித்தியாசம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. நிபுணர்களைக் கேட்டால் காற்று என்றார்கள். பாடப்புத்தகமே அப்படித்தான் சொல்லியது. 1970-களில் கம்பெனியில் பெரிய பொறுப்புக்கு வந்த பிறகு, கையில் அதிகாரம் கிடைத்ததும், இதை ஒருத்தர் முறையாக ஆராய வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்.

அந்த ஒருத்தர் ரஹ்மான் சையத். பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர், காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தில் இருந்தவர். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகன் இவர்தான். கேமரூனுக்குப் போய் அவர் செய்தது நாம் டீபக் பண்ணுகிற மாதிரியேதான் இருக்கிறது. ஒவ்வொன்றாக அடைத்துப் பார்ப்பது. பெண் பாளையைச் சுற்றி, காற்று போகும் ஆனால் பூச்சி போகாத வலையைக் கட்டினார். காற்றுதான் காரணம் என்றால் வலைக்குள்ளும் காய் பிடித்திருக்க வேண்டும். பிடிப்பது படு மோசமாகக் குறைந்தது. காற்றுக் கட்சி அங்கேயே தோற்றது. 1979-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

அடுத்த கேள்விதான் கஷ்டமானது. பாளையில் ஒரு வண்டு இல்லை, எலெய்டோபியஸ் பேரினத்திலேயே பல இனம். கேமரூனிகஸ், பிளாஜியேட்டஸ், சிங்குலாரிஸ், சப்விட்டேட்டஸ் என்று. சும்மா பார்த்தால் எல்லாமே பழுப்பாக, பொடிசாக, மூக்கு நீண்ட ஒரே ஜாடை. எது எவ்வளவு மகரந்தம் சுமக்கிறது, எது மழையைத் தாங்கும், எது வறட்சியைத் தாங்கும் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றால், முதலில் எது எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். இங்கேதான் ஃபாஸ்டும் குஷெலும் மியூசியத்தில் உட்கார்ந்து செய்த வேலை பலன் தந்தது. அவர்கள் ரோமத்தையும் செதிலையும் அளந்து பேர் போட்டு வைத்திருக்காவிட்டால் சையத் எல்லாவற்றையும் "வண்டு" என்று ஒரே டப்பாவில் போட்டுத்தான் கப்பலேற்றியிருக்க முடியும். அவர் தேர்ந்தெடுத்தது கேமரூனிகஸை. மழைக்காலம், வறண்ட காலம் இரண்டிலும் தாக்குப்பிடிக்கிறது, நிறைய மகரந்தம் சுமக்கிறது.

இந்த வண்டு வேலை செய்கிற விதமும் ரசமானது. ஆண் பாளை விரியும்போது சோம்பு மாதிரி ஒரு வாசனை வரும். வண்டு அதை மோப்பம் பிடித்து வந்து, பூவைத் தின்று, முட்டையிடும். பூத்து முடிந்த ஆண் பூவுக்குள்ளேதான் புழு வளரும், முட்டையிலிருந்து வண்டாக இரண்டு வாரம் போதும். பெண் பாளையில் இதற்குச் சாப்பாடும் இல்லை, குழந்தை வளர்க்க இடமும் இல்லை. ஆனால் பெண் பாளையும் அதே சோம்பு வாசனையை அப்பப்போ விட்டு விட்டு வெளியிடும். வண்டு ஆண் பாளை என்று நம்பிப் போய், ஏமாந்து, உடம்பில் ஒட்டியிருக்கும் மகரந்தத்தை உதிர்த்துவிட்டுத் திரும்பிவிடும். தெளிவாகச் சொன்னால், மரம் செய்வது பச்சை மோசடி.

ஆனால் வெளிநாட்டுப் பூச்சியை இன்னொரு நாட்டில் விடுவது விளையாட்டு இல்லை. 1935-ல் ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது வண்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்று, இன்று வரைக்கும் தலைவலி. மலேசியாவில் தென்னை இருக்கிறது, பாக்கு இருக்கிறது, சவ்வரிசிப் பனை இருக்கிறது. வந்த இடத்தில் ருசி மாறினால்? அதனால் சையத் வேறு பல பயிர்களின் பூவையும் வண்டுக்கு வைத்துப் பார்த்தார். எண்ணெய்ப்பனையைத் தவிர எதிலும் அது குடும்பம் நடத்தவில்லை. பேரினப் பேரில் குஷெல் எழுதி ஒட்டிய விலாசம் சரிதான் என்று சோதனையும் சொன்னது. ஆப்பிரிக்க மரநோய் ஏதாவது கூட ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதே என்று, 1980-ல் மலேசியாவுக்கு வந்த வண்டுகளைத் தனிமைப்படுத்தி வளர்த்துப் பார்த்த பிறகுதான் அனுமதி கொடுத்தார்கள்.

1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலம் குளுவாங் பக்கத்தில் முதலில் திறந்து விட்டார்கள். அடுத்து சபாவில். வண்டு யாருடைய சர்க்குலருக்கும் காத்திருக்கவில்லை, தானாகவே தோட்டம் விட்டுத் தோட்டம் பறந்து போனது. ஓரிரு வருஷத்தில் நாடு முழுக்க இருந்தது. குலை கனத்தது. மலேசியாவின் பாமாயில் உற்பத்தி 1981-ல் சுமார் 28 லட்சம் டன், 1982-ல் சுமார் 35 லட்சம் டன். புதிதாக நட்ட தோட்டங்கள் காய்ப்புக்கு வந்ததும் இதில் சேர்த்தி, எல்லாவற்றையும் வண்டின் கணக்கில் எழுதக் கூடாது. 1983-ல் சுமார் 30 லட்சமாக இறங்கியது. ஒரேயடியாகக் காய்த்த மரம் களைத்துப் போய் அடுத்த வருஷம் சுணங்கியதும் ஒரு காரணம். 1984-ல் மறுபடி ஏறிவிட்டது.

ஆலைக்காரர்களுக்குத்தான் முதலில் தலைவலி. காய்கள் இடைவெளி இல்லாமல் ஒன்றையொன்று நெருக்கியதால் குலையிலிருந்து பழம் சுலபத்தில் உதிரவில்லை, வேகவைக்கிற நேரத்தை மாற்ற வேண்டியிருந்தது. பருப்பு அளவு எகிறியது. இன்னொரு பலனாளியும் உண்டு, எலி. பூத்து முடிந்த ஆண் பாளை முழுக்க கொழுத்த புழு. தோட்டத்து எலிகள் ஆண் பாளையைக் குதறிப் புரதம் சாப்பிட ஆரம்பித்தன. இதையெல்லாம் எந்தத் திட்ட அறிக்கையிலும் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

மாவு ஊதும் வேலை அத்தோடு போனது. இந்தக் கதையை எழுதுகிற பெரும்பாலானவர்கள் இங்கே "தொழிலாளர் செலவு மிச்சம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் பெரியம்மாவிடம் அதைத்தான் கேட்டேன். வண்டு வந்தது தெரியுமா என்று. "தெரியாம என்ன? சின்னதா கறுப்பா பூவுல மொய்க்கும். இனிமே ஊத வேணாம், வண்டே பாத்துக்கும்னு கிராணி சொன்னாரு. நாங்க சிரிச்சோம். அடுத்த மாசம் ஊதுகுழல திரும்ப வாங்கிட்டாங்க." யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லையாம். கொஞ்சம் பேரை உதிரிப்பழம் பொறுக்க விட்டார்கள், கொஞ்சம் பேரை முதுகில் டப்பாவைக் கட்டிக் களைக்கு மருந்தடிக்க விட்டார்கள். பெரியம்மாவுக்குக் கிடைத்தது மருந்து. பேரக்வாட் என்ற பேர் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நகம் எப்படிக் கறுத்து விழும் என்பதைச் சாதாரணமாகச் சொன்னார். தோட்டத்தில் மருந்தடிக்கப் போனவர்களில் பெரும்பகுதி பெண்கள், அதில் நிறைய பேர் தமிழ்ப் பெண்கள். மலேசியாவில் பேரக்வாட்டுக்கு முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில்தான்.

இதற்காக வண்டைக் குறை சொல்ல முடியுமா? முள்ளில் கை கிழிய, வாரம் முழுக்க பாளை தேடி அலைகிற வேலை போனது நல்லதுதான் என்று தோன்றுகிறது. ஆனால் மிச்சமான காசு யார் பைக்குப் போனது, ஊதியவர்கள் அடுத்து எங்கே போனார்கள் என்பது வண்டின் விஷயம் இல்லை, கணக்குப்பிள்ளையின் விஷயம். ஊத வேண்டாம் என்றானதும் தோட்டங்களை இன்னும் பெரிதாக விரிப்பது சுலபமானது. சபாவில் காடு போனதில் இந்த நாலு மில்லிமீட்டருக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கத்தான் செய்கிறது.

பேர் வைக்கிற கதைக்குத் திரும்புகிறேன். பாளை வண்டுகள் அதிகம் இருப்பது தென் அமெரிக்காவில். அங்கே பிரேசிலின் பாயியா மாநிலத்தில் கிரிகோரியோ பொண்டார் என்று ஒருத்தர் இருந்தார். ரஷ்யப் பேரரசில் பிறந்து பிரேசிலில் குடியேறிய வேளாண் ஆள். கொக்கோ, தென்னை என்று தோட்டப் பூச்சிகளைப் பார்ப்பதுதான் உத்தியோகம். பனைகளில் கிடைத்த கூன்வண்டுகளுக்கு வரிசையாகப் பேர் வைத்துக்கொண்டே போனார். அப்படி 1943-ல் வைத்ததில் ஒன்று ஆங்கிலோரிங்கஸ் எரியோஸ்பதே. எழுபது வருஷம் கழித்து, 2014-ல், புரூனோ தெ மெதெய்ரோஸ் என்ற பிரேசில்காரரும் கூட்டாளிகளும் இதன் புழுவைப் பார்த்தார்கள். முட்டையிலிருந்து வந்ததும் அந்தப் புழு செய்கிற முதல் வேலை, அதே பூவில் இருக்கும் மற்றப் புழுக்களைத் தேடிக் கொல்வது. அதற்கென்றே அரிவாள் மாதிரி தாடை. போட்டி முடிந்து தோல் உரித்ததும் சாதாரணத் தாடை வந்துவிடும், அப்புறம் சாதுவாக விதையைத் தின்னும். தாய் வண்டு மகரந்தம் சுமந்து பூவுக்கு உதவி செய்கிறது, பிள்ளை விதையைத் தின்கிறது. நல்ல கூலி!

இதே தெ மெதெய்ரோஸ், கொலம்பியாவின் நூன்யெஸ்-அவெல்லனேடாவோடு சேர்ந்து 2013-ல் அதே பேரினத்தில் மூணு புது இனங்களை விவரித்தார். நூன்யெஸ் வருஷக்கணக்கில் மரம் ஏறிப் பனம்பூக்களில் எந்தப் பூச்சி எப்போது வருகிறது என்று எண்ணியவர். எண்ணுகிறபோதே பிரச்சினை வந்துவிடும், எந்தப் புத்தகத்திலும் இல்லாத வண்டு கையில் இருக்கும். பேர் இல்லாத வண்டைப் பற்றி ஆய்வுக் கட்டுரையில் "இனம் 1, இனம் 2" என்று எழுத வேண்டியதுதான். வேறொரு நாட்டில் இன்னொருத்தர் எழுதும் "இனம் 1" இதேதானா என்று யாராலும் சொல்ல முடியாது. சையத்துக்குப் பேர் தயாராக இருந்தது. இவர்கள் மகரந்தமும் பார்த்து, பேரும் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேமரூனிகஸ் நம்ம பக்கத்துக்கும் வந்துவிட்டது. 1985-ல் கேரளாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கொண்டுவந்து விட்டார்கள். செங்கோட்டை தாண்டி, தென்மலை வழியாக கொல்லம் மாவட்டத்துக்குள் இறங்கினால் குளத்துப்புழை, ஏரூர் பக்கம் அந்தத் தோட்டங்கள் இருக்கின்றன. அடுத்த தடவை குற்றாலம் போகிறவர்கள் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். காவலாளியிடம் கேட்டுக்கொண்டு, மஞ்சள் பொடி தூவின மாதிரி இருக்கிற ஆண் பாளைப் பக்கம் மூக்கைக் கொண்டு போனால் சோம்பு வாசனை வரும். பாளையைக் கையால் லேசாகத் தட்டினால் எள் கொட்டின மாதிரி வண்டு உதிரும். கடிக்காது. மட்டை முள்ளில் மட்டும் கையை வைத்துவிடாதீர்கள்.